நிலத்தடிக் குளிரூட்டி: பெருந்துறை விடுதியில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

பெருந்துறைக்கு அருகே எங்கள் குடும்பம் நடத்தும் மகளிர் விடுதியில், அறைகளைக் குளிர்விக்கவும் குளிப்பதற்கு வெந்நீர் தரவும் சேர்த்தே வேலை செய்யும் நிலவெப்ப பம்ப் ஒன்றை 2023இல் பொருத்தினோம். கோடையும் மழையும் பனியும் மாறி மாறி வந்துபோன பிறகு, அந்த இயந்திரத்தைப் பற்றியும் அதைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்தின் வேலையைப் பற்றியும் நிதானமாகச் சொல்ல முடிகிறது. இயந்திரம் நல்லது. ஆனால் அதை விற்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி கொங்கு மண்ணுக்குப் பொருந்தாதவை. உண்மையில் பொருந்துகிற காரணத்தை அவர்கள் சொல்வதேயில்லை. குளிர்ச்சியும் வெந்நீரும் ஒருசேரத் தேவைப்படும் இடத்தில் மட்டுமே இது கொடுத்த பணத்துக்கு ஈடாக உழைக்கும் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட விளக்கக் கையேட்டின் முகப்பில் ஐஸ்லாந்தின் நீராவிப் படங்கள் இருந்தன. உள்ளே, நிலத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களைப் பற்றிய செய்திகளும் இந்த இயந்திரத்தைப் பற்றிய செய்திகளும் வேறுபாடின்றிக் கலந்திருந்தன. நில வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது நூறாண்டுக்கு மேல் பழகிய தொழில்தான். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904ஆம் ஆண்டு இளவரசர் பியேரோ ஜினோரி கோன்டி, நிலத்திலிருந்து வெளிவந்த நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார். 1913இல் அதே இடத்தில் 250 கிலோவாட் நிலையம் ஓடத் தொடங்கியது. நியூசிலாந்தின் வைராக்கே 1958இலும், கலிஃபோர்னியாவின் கெய்சர்ஸ் 1960இலும், கென்யாவின் ஒல்காரியா 1981இலும் மின்சாரம் தரத் தொடங்கின. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெந்நீரால் சூடேற்றப்படுகின்றன. கென்யாவின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இந்த வழியிலேயே வருகிறது. இரவு பகல் பாராமல், காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் ஒரே சீராக ஓடும் மின் நிலையம் என்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை, ஆனி ஆடியில் சுழன்று மார்கழியில் ஓய்ந்து நிற்கும் பல்லடத்துக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பேறு நம் காலடியில் இல்லை என்பதையும் நேராக ஏற்றுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன இடங்கள் எல்லாம் எரிமலை சார்ந்தவை, அல்லது பூமியின் மேலோடு மெலிந்தோ பிளந்தோ கிடப்பவை. இந்தியாவில் சுமார் 340 வெந்நீர் ஊற்றுகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கெடுத்து, நாட்டின் மொத்த வாய்ப்பு 10,000 மெகாவாட் அளவுக்கு இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆயினும் இமாசலத்தின் மணிகரணில் 5 கிலோவாட், தெலங்கானாவின் மணுகூருவில் 20 கிலோவாட் என்று சோதனை அளவிலேயே வேலை நடந்திருக்கிறது. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் நிலையம் அமைக்க ஓ.என்.ஜி.சி. 2021இல் ஒப்பந்தம் செய்தது. கொங்கு நாடோ, பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகி ஆறிப்போன நைஸ், சார்னோகைட் பாறைகளின் மேல் அமைந்திருக்கிறது. இத்தகைய பழம்பாறை நிலத்தில் ஆழத்துக்குப் போகப் போக வெப்பம் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதற்குக் கோலார் தங்கச் சுரங்கமே சான்று. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடைய அந்தச் சுரங்கத்தின் அடியில்கூடப் பாறையின் வெப்பம் 60 டிகிரியைச் சிறிதே தாண்டியது. அந்தக் கணக்கில் பார்த்தால், நீராவி எடுக்கப் போதுமான 150 டிகிரியைத் தொட நாம் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் துளையிட வேண்டும். மனிதர் இதுவரை இட்ட மிக ஆழமான துளையே ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ள 12,262 மீட்டர் துளைதான். அலாஸ்காவின் சேனா (Chena) வெந்நீர் ஊற்றில் 74 டிகிரி நீரிலிருந்தே 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே மறுபக்கத்தில் குளிர்விப்பதற்கு உறைநிலையை ஒட்டிய ஆற்று நீர் இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை.

ஆகவே, எங்கள் விடுதியில் இருக்கும் இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தையும் உற்பத்தி செய்யவில்லை, மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அது செய்வது வேறு வேலை. பத்திருபது அடிக்குக் கீழே நிலத்தின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாறாமல், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். ஈரோட்டுப் பக்கத்தில் அது 28 டிகிரியை ஒட்டியது. தோட்டத்துக் கிணற்று நீர் சித்திரையில் சில்லென்றும் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவது இதனால்தான். நீர் மாறுவதில்லை, நம்மைச் சுற்றியுள்ள காற்றே மாறுகிறது. சாதாரண ஏசி, அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றில் தள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் காற்றில், அதிலும் வெயில் காய்ந்த மொட்டை மாடியில் வைத்த வெளிப்பெட்டியிலிருந்து, வெப்பத்தைத் தள்ளுவதற்குக் கம்ப்ரசர் கடுமையாக உழைக்கிறது. அதே வெப்பத்தை 30 டிகிரி சொச்சத்தில் இருக்கும் நீரில் தள்ளி, அந்த நீரை நிலத்துக்குள் சுற்றவிட்டு ஆறவைத்தால் உழைப்பு குறைகிறது. இவ்வளவுதான் இதன் அடிப்படை. அதாவது குளிர் நாடுகளில் வெப்பம் எடுக்கும் இடமாக இருக்கும் நிலம், நமக்கு வெப்பத்தைக் கொட்டும் இடமாக இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இயந்திரத்தின் நல்லதும் கெட்டதும் தாமாகவே விளங்கும்.

எங்களுடையது 10 டன் திறனுள்ள அமைப்பு. கட்டடத்தின் பின்புறக் காலி இடத்தில், ஒன்றுக்கொன்று 20 அடி இடைவெளியில், 330 அடி ஆழத்தில் 10 துளைகள். ஒவ்வொன்றிலும் எச்.டி.பி.ஈ. என்னும் உறுதியான பிளாஸ்டிக் குழாய் அடிவரை போய் வளைந்து மேலே திரும்பி வருகிறது. அந்த மூடிய வளையத்துக்குள் வெறும் நீர் சுற்றுகிறது. குளிர் நாடுகளைப் போல உறையாமைக் கரைசல் எதுவும் இங்கே தேவையில்லை. அறைகளில் ஏசிப் பெட்டிக்குப் பதிலாகக் குளிர்நீர் ஓடும் சுருள்குழாயும் விசிறியும் கொண்ட பெட்டிகள் இருக்கின்றன. இயந்திரம் கீழே ஒரு தனி அறையில் நிற்கிறது.

துளையிடும் வேலையில் எந்தக் குறையும் இல்லை, இருக்கவும் முடியாது. இந்தியா முழுவதும் போர் போடப் போகும் ரிக் வண்டிகளில் பெரும்பகுதி திருச்செங்கோட்டிலிருந்தே கிளம்புகிறது. அந்தத் திறமை நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் என்பது, உலகின் பல பகுதிகளில் நிலவெப்பத் தொழிலுக்கு எளிதில் வாய்க்காத வசதி. மேல்மண்ணுக்குக் கேசிங் இறக்கிய பிறகு, கடினப் பாறையில் ஆறரை இஞ்ச் துளையை அவர்கள் இறக்கிய வேகத்தையும் நேர்த்தியையும் மனமாரப் பாராட்டுகிறேன். வண்டியோடு வந்த பெரியவர் மட்டும், "தண்ணியே வேண்டாமுங்களா? அப்பறம் போரு எதுக்குங்க?" என்று கேட்டார். தண்ணீர் கிடைக்காமல் பாறைப்பொடி புகையாகக் கிளம்பினாலே நெஞ்சு அடைத்துப்போகும் ஊரில், புகை வந்தாலும் பரவாயில்லை, அடுத்த துளைக்குப் போகலாம் என்று சொல்லும் ஆட்களை அவர் பார்த்ததில்லை.

ஆனால் தண்ணீர் இல்லாத துளை என்பதே இங்கு இந்த வேலையின் மிக முக்கியமான இடம், நிறுவனம் எங்களை ஏமாற்றமடையச் செய்த இடமும் அதுதான். சுவீடன் போன்ற நாடுகளில் துளை முழுக்க நிலத்தடி நீர் தானாக நிறைந்துவிடுகிறது; குழாய்க்கும் பாறைக்கும் இடையே அந்த நீரே வெப்பத்தைக் கடத்துகிறது. நம் பக்கத்தில் நீர்மட்டம் பல நூறு அடிக்குக் கீழே போய்விட்டதால், குழாய் பெரும்பாலும் வெற்றுத் துளையில் தொங்கும். குழாயைச் சுற்றிக் காற்று இருந்தால், பாறைக்கு வெப்பம் போகவே போகாது. அதனால் பென்டோனைட் களிமண்ணோடு குவார்ட்ஸ் மணலைச் சேர்த்துக் கரைத்த குழம்பை, அடியிலிருந்து மேல்நோக்கி, இடைவெளி விடாமல் குழாய் வழியே செலுத்தி நிரப்ப வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருந்தது. ஆயினும் முதல் துளைகளில், துளையிடும்போது வெளிவந்த பாறைப்பொடியையே மேலிருந்து கொட்டி மூட முனைந்தார்கள். பொடி நடுவழியில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடத்தை விட்டுவிடும் என்பதை, போர் போட்டுப் பழகிய எவரும் அறிவார். வேலையை நிறுத்தச் சொல்லி, ஒப்பந்தப்படி குழம்பு வந்த பின்னரே தொடரவிட்டோம். அதன் பிறகு நடந்த வேலை ஒழுங்காகவே இருந்தது; குழாய்களை அழுத்தச் சோதனை செய்து, அளவியின் முள் இறங்காததை எங்கள் கண்முன்னே காட்டினார்கள். ஆனால் அருகில் நின்று பார்க்க ஆள் இல்லாத இடத்தில் என்ன நடந்திருக்கும் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை, ஏனென்றால் மண்ணுக்குள் போன பிறகு இதைத் திருத்த வழியே கிடையாது.

துளையை நன்றாக அடைப்பது இயந்திரத்தின் திறனுக்காக மட்டுமல்ல. நொய்யல் கரையில் சாயக் கழிவு என்ன செய்தது என்பதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப்போனதையும், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் கண்டவர்கள் நாம். மேல்மட்டத்தில் கெட்ட நீர் தங்கியிருக்கும் பகுதியில், சரியாக அடைக்காத 330 அடித் துளை என்பது அந்த நீர் ஆழத்து ஊற்றுக்கு இறங்கிப்போக நாமே வெட்டிக்கொடுக்கும் வழி. வளையத்துக்குள் ஓடுவது வெறும் நீர்தானே என்று விற்பனையாளர் சொல்லும் ஆறுதல் இதற்குப் பதிலாகாது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு கெட்டுப்போனால், நாம் மிச்சம் பிடித்த மின்சாரத்தைக் கொண்டு அதைச் சரிசெய்ய முடியாது.

செலவைக் குறைக்க வேறு வழி ஒன்றையும் இதே நிறுவனம் முதலில் முன்வைத்தது: ஒரு போரிலிருந்து நீரை எடுத்து இயந்திரத்தின் வழியே செலுத்தி, இன்னொரு போரில் திருப்பிவிடுவது. துளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் நம் போர் நீரின் உப்பும் கடினத்தன்மையும் சில பருவங்களிலேயே வெப்பப் பரிமாற்றியில் சுண்ணப் படிவை ஏற்றிவிடும். அதோடு, சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது, குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் அதே வாரத்தில் இயந்திரம் நீரின்றி நின்றுபோகும். கொங்குப் பகுதியில் யாராவது இந்த வகையைச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இனி, ஓட்டிப் பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன். இயந்திரத்துக்கென்று தனி மீட்டர் வைத்திருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில், முன்பிருந்த ஏசிகளோடு ஒப்பிட்டால், குளிரூட்டலுக்கான யூனிட் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கையேட்டில் போட்டிருந்த 70 விழுக்காடு சேமிப்பு எங்கள் கண்ணில் படவேயில்லை. அந்த எண் எந்த நாட்டு வீட்டுக்கு, எந்தப் பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு வந்தது என்று கேட்டதற்கு விடையும் கிடைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்பது குறைவான சேமிப்பன்று. முக்கியமாக, வெயில் ஏற ஏற மற்ற ஏசிகள் திணறும் பிற்பகலில் இது திணறவில்லை. வெளியே அனல் வீசிய நாள்களிலும் அறைகள் ஒரே சீராக இருந்தன. ஆனால் ஆடிக் காற்றடிக்கும் காலத்தில் சேமிப்பு பாதியாகச் சுருங்கியது. கார்த்திகை, மார்கழி இரவுகளில் ஒன்றுமே இல்லை. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. மார்கழி இரவில் வெளிக்காற்று 20 டிகிரிக்கு இறங்கும்போது, 28 டிகிரி நிலத்தைவிடக் காற்றே வெப்பத்தைக் கொட்டுவதற்கு நல்ல இடம். நிலம் மாறாமல் இருப்பது கோடையில் மட்டுமே நமக்குச் சாதகம்.

அடுத்தது, விற்பவர்கள் வாய் திறக்காத செய்தி. நிலம் நாம் கொட்டும் வெப்பத்தை உடனே விழுங்கிவிடுவதில்லை. துளையைச் சுற்றியுள்ள பாறை மெல்லச் சூடாகிறது. முதல் கோடையின் தொடக்கத்தில் 30 டிகிரியை ஒட்டி நிலத்திலிருந்து திரும்பி வந்த நீர், மே மாத இறுதியில் 36க்கு ஏறியிருந்தது. ஐரோப்பாவில் கோடையில் கொட்டிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் அறைகளைச் சூடேற்ற எடுத்துக்கொள்கிறார்கள். நிலத்தின் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை நேராகிவிடுகிறது. நமக்கு அறையைச் சூடேற்றும் தேவையே கிடையாது. ஆண்டு முழுவதும் கொட்டிக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் திரும்பி வரும் நீர் வெளிக்காற்றின் அளவுக்கே சூடேறி, துளைகளுக்குச் செலவிட்ட பணம் முழுவதும் பயனற்றுப் போகும். வெறும் குளிரூட்டலுக்காக மட்டும் இதை வாங்கும் வீட்டுக்காரரை எதிர்நோக்கி நிற்பது இந்த நிலைதான்.

எங்கள் விடுதியைக் காப்பாற்றுவது காலை நேரத்து வெந்நீர். இரவு முழுவதும் அறைகளிலிருந்து எடுக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி, நிலத்துக்குப் போகும் முன்பே வெந்நீர்த் தொட்டிக்குப் போய்விடுகிறது. கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் சூடான வாயு ஒரு பரிமாற்றி வழியே நீரைச் சுமார் 50 டிகிரிக்குக் கொண்டுவருகிறது. கல்லூரிக்கும் வேலைக்கும் கிளம்பும் பெண்கள் விடியற்காலையில் வரிசையாகக் குளிக்கும்போது, அந்த வெப்பம் வடிகாலில் போய்விடுகிறது. அதற்கென்று தனியாக மின்சாரம் ஏதும் செலவாவதில்லை. குளிர்காலத்தில் அறைகளுக்குக் குளிர்ச்சி வேண்டாதபோது, இயந்திரம் நிலத்திலிருந்தே வெப்பத்தை எடுத்து வெந்நீர் போடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைப்பதால், முன்பு ஒவ்வொரு குளியலறையிலும் இருந்த கெய்சர்களின் செலவோடு ஒப்பிட இடமே இல்லை. அதைவிடப் பெரிய பயன் கண்ணுக்குத் தெரியாதது: மார்கழியிலும் தையிலும் நாம் வெப்பத்தை எடுக்க எடுக்கப் பாறை ஆறி, அடுத்த சித்திரைக்கு இடம் விட்டுவைக்கிறது. இரண்டாவது கோடையின் தொடக்கத்தில் திரும்பி வந்த நீர், முதல் ஆண்டைவிடச் சிறிதளவே கூடுதலான சூட்டில் இருந்தது. வெந்நீர் இணைப்பு இல்லாதிருந்தால் அப்படி இருந்திருக்காது. இத்தனைக்கும், அந்த இணைப்பை நிறுவனம் விலைப்பட்டியலில் விருப்பப்பட்டால் சேர்க்கும் கூடுதல் பொருளாகவே காட்டியிருந்தது. நம் ஊரில் அதுதான் முதன்மைப் பொருள். மற்றதெல்லாம் அதைச் சார்ந்து நிற்பவை.

தங்கியிருப்பவர்களிடம் கேட்டால், யூனிட் கணக்கைவிட அமைதியைத்தான் முதலில் சொல்கிறார்கள். வெளிப்பெட்டிகள் இல்லாததால் பால்கனியில் அனல் அடிப்பதில்லை. துணி காயப்போடவும் மாலையில் உட்காரவும் இடம் கிடைத்தது. மாடியும் காலியாகி, சூரியத் தகடுகளுக்குப் பயன்பட்டது. குறை என்று பார்த்தால், ஐப்பசி மழை நாள்களில் அறைகளில் ஈரப்பதம் சற்றுக் கூடுதலாக உணரப்படுகிறது. குளிர்நீரின் வெப்பநிலையை இன்னும் இறக்கி வைத்தால் அது சரியாகிறது, ஆனால் மின்செலவு ஏறுகிறது. வெந்நீர்ப் பரிமாற்றிக்குள் போர் நீரை நேரே விடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் மென்னீராக்கி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பராமரிப்புச் சேவையை நடுத்தரம் என்றே சொல்வேன். நீரைச் சுற்றவிடும் பம்ப் கோயம்புத்தூர்த் தயாரிப்பு. அதன் சீல் பழுதானபோது, அன்றே உள்ளூர் மெக்கானிக்கைக் கொண்டு மாற்ற முடிந்தது. ஆனால் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை பழுதானபோது, மாற்றுப் பலகை வெளியிலிருந்து வர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை முழுத் திறனில் ஓட்ட முடியவில்லை. மரியாதையாகப் பேசினார்கள், அழைத்தால் வந்தார்கள் என்பதை மறுக்கமாட்டேன். இருந்தாலும், இவ்வளவு விலையுள்ள அமைப்புக்கு அவசியமான உதிரிப் பாகங்களைக் கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ இருப்பு வைக்காதது பெரிய குறை. துளைகள் ஐம்பது ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்கும் நிறுவனம், அந்தத் துளைகளுக்கு மேலே நிற்கும் இயந்திரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

மொத்தச் செலவு, அதே திறனுள்ள நல்ல இன்வர்ட்டர் ஏசிகளுக்கும் கெய்சர்களுக்கும் ஆகும் செலவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் பயன்பாட்டில் அது சில ஆண்டுகளில் திரும்பிவிடும் என்பது தெரிகிறது. நான்கு பேர் வாழும் வீட்டில் திரும்பாது. இடத்தைப் பொறுத்தும் இது மாறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து சேரும் பொள்ளாச்சி, உடுமலை, கோவையின் மேற்குப் பகுதிகளில் கோடை குறுகியது. ஆனி தொடங்கி மாதக்கணக்கில் காற்றே இலவசமாகக் குளிர்வித்துக் கொடுக்கிறது. அங்கே நிலத்தைத் துளைக்கும் செலவுக்கு நியாயம் இல்லை. ஈரோடு, கரூர், பரமத்தி, சேலம் என்று கிழக்கே போகப் போக, வெயில் நீண்டு நிற்கும் ஊர்களில் இதற்குப் பொருள் உண்டு. உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனை, மாணவர் விடுதி, தங்கும் அறைகளோடு கூடிய மண்டபம் ஆகியவை பொருத்தமான இடங்கள். எல்லாவற்றையும்விடப் பொருத்தம் பால் குளிரூட்டும் நிலையங்கள் என்று நினைக்கிறேன்: பாலை 4 டிகிரிக்கு இறக்கும்போது வெளிவரும் வெப்பமும், கேன்களையும் தொட்டிகளையும் கழுவத் தேவைப்படும் வெந்நீரும் ஆண்டின் எல்லா நாளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கொங்கு நாட்டில் அத்தகைய நிலையங்களுக்குக் குறைவில்லை. இந்த நிறுவனங்கள் வீட்டு மனைகளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

வாங்க முடிவு செய்பவர்கள், ஒரு சோதனைத் துளை இட்டு, அதில் இரண்டு நாளுக்குக் குறையாமல் வெப்பத்தைச் செலுத்திப் பாறை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளந்த பிறகே மற்றத் துளைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைச் செய்யாமல், வேறோர் ஊரின் கணக்கை வைத்தே துளைகளைத் தீர்மானித்தார்கள். நிலத்துக்குப் போகும் நீர், திரும்பும் நீர் இரண்டின் வெப்பநிலையும் நாள்தோறும் பதிவாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இந்த அமைப்பு நலமாக இருக்கிறதா என்று அறிய அந்த இரண்டு எண்களைத் தவிர வேறு வழி இல்லை. இன்னொன்று, துளைகளும் அவற்றை இணைக்கும் குழாய்களும் எங்கே புதைந்திருக்கின்றன என்பதைச் சுற்றுச்சுவரிலிருந்து அளந்து குறித்த வரைபடம். எங்களுக்குக் கிடைத்தது கையால் கிறுக்கிய ஒரு தாள். குழி மூடுவதற்கு முன் நாங்களே அளவெடுத்து வரைந்து, இயந்திர அறையில் மாட்டிவைத்தோம். பின்னொரு நாள் யாரோ வேலிக்கல் நடவோ புதுப் போர் போடவோ அங்கே கம்பியை இறக்கினால், ஒரு வளையம் மட்டுமல்ல, முழு அமைப்புமே நீரிழந்து நிற்கும். அந்த வரைபடம் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.